பழைய மூன்று சக்கர ஏடிசி வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில்? ஓர் ஒப்பீடு

ஹோண்டா நிறுவனம் 1970-இல் யுஎஸ்90 என்ற பெயரில் வெளியிட்டுப் பின்னர் ஏடிசி90 என்று பெயர் மாற்றிய வண்டியில் தொடங்கி, 1980-களின் நடுவில் யமஹா, கவாசாகி, சுசுகி ஆகிய நிறுவனங்களும் போட்டிபோட்டுத் தயாரித்த கரடுமுரடுப் பாதைக்கான மூன்று சக்கர வண்டிகள் (இங்கே இவை எல்லாவற்றையும் ஏடிசி என்றே சொல்கிறேன்), 1988-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு அந்நாட்டுச் சந்தையில் புதிதாக விற்கப்படவில்லை. எனவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஏடிசி எதுவாக இருந்தாலும் அதன் இன்ஜின் ஏறத்தாழ நாற்பது ஆண்டாவது பழையது. ஹோண்டாவின் அக்காலக் கையேட்டைத் திறந்தால் நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்இ அல்லது எஸ்எஃப் தரத்தில் 10டபிள்யூ-40 ஆயில் ஊற்றும்படி எழுதியிருக்கும் (முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதையும் குறிக்கும்). எஸ்இ 1972-இலும் எஸ்எஃப் 1980-இலும் வந்த தரங்கள். இரண்டும் காலாவதியானவை என்று ஏபிஐ எப்போதோ அறிவித்துவிட்டது. கையேடு சொல்லும் ஆயில் கடைத்தட்டில் இல்லாதபோது, அதன் இடத்தில் எதை ஊற்றுவது என்பதுதான் இங்கே கேள்வி.

தட்டில் இருப்பவை பொதுவாக நான்கு வகை. கார்களுக்கான பெட்ரோல் இன்ஜின் ஆயில் ஒன்று. கனரக டீசல் வண்டிகளுக்கான 15டபிள்யூ-40 ஒன்று. பைக்குகளுக்கென்று தயாரிக்கப்படும் மினரல் ஆயில் ஒன்று. அதே பைக்குகளுக்கான விலை கூடிய முழு சிந்தெடிக் ஆயில் ஒன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பழைய ஏடிசிகளுக்கு ஜாசோ எம்ஏ முத்திரை (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தர முத்திரை) உள்ள மினரல் 10டபிள்யூ-40 பைக் ஆயிலே போதுமானது, சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஆயிலைச் சீக்கிரமாக மாற்றுவதற்குச் செலவிட்டால் இன்ஜினுக்குக் கிடைக்கும் நன்மை அதிகம். இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதையும், எந்தச் சூழலில் இது மாறும் என்பதையும் இனிப் பார்க்கலாம்.

கிளட்ச்

கார் இன்ஜினில் ஆயிலின் வேலை இன்ஜினோடு முடிந்துவிடுகிறது. கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, கிளட்ச் உலர்ந்தே இருக்கும். ஏடிசியின் நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினிலோ பிஸ்டன், கேம், கியர் பற்கள், கிளட்ச் எல்லாம் ஒரே ஆயிலில் நனைந்து கிடக்கின்றன. சின்ன 90 சிசி இன்ஜினில் அந்த ஆயிலின் மொத்த அளவு ஒரு லிட்டர்கூட வராது. ஏடிசி200எக்ஸ் போன்ற வண்டிகளில் கைப்பிடியில் கிளட்ச் இருக்கிறது; ஏடிசி110, ஏடிசி200 போன்றவற்றில் கைப்பிடிக் கிளட்ச் கிடையாது, இன்ஜின் வேகம் ஏறும்போது தானே பிடித்துக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்ச் உண்டு. இரண்டு வகையும் ஆயிலில் மூழ்கியபடியே வேலை செய்கின்றன. உராய்வைக் குறைப்பதற்காக ஆயிலில் சேர்க்கப்படும் வேதிப்பொருட்கள் பிஸ்டனுக்கு நன்மை செய்யலாம்; உராய்வையே நம்பி வாழும் கிளட்ச் பிளேட்டுக்கு அவை பகை.

கார் ஆயில் இங்கே பின்தங்குவதற்கு முதல் காரணம் இதுதான். இன்றைய கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்கள் எரிபொருள் சிக்கனத்தைக் குறிவைத்துத் தயாரிக்கப்படுகின்றன. மாலிப்டினம் சேர்மங்கள் போன்ற உராய்வுக் குறைப்பான்கள் அவற்றில் சேர்க்கப்படுவது வழக்கம். பாட்டிலின் பின்பக்கத்தில் இருக்கும் ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ அல்லது பழைய பாட்டில்களில் ‘எனர்ஜி கன்சர்விங்’ என்று அச்சிட்டிருந்தால், அந்த ஆயிலை ஏடிசிக்கு வாங்கக் கூடாது. அந்தச் சொற்கள் இல்லாத 10டபிள்யூ-40 கார் ஆயிலைப் பல ஆண்டுகளாக ஊற்றியும் கிளட்ச் நன்றாகவே பிடிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தச் சொற்கள் இல்லை என்பதற்கு, அந்த ஆயில் சிக்கனச் சான்று பெறவில்லை என்பது மட்டுமே பொருள்; உராய்வுக் குறைப்பான் அறவே இல்லை என்று யாரும் அங்கே உறுதி கொடுக்கவில்லை.

கார் ஆயிலுக்கு எதிரான இரண்டாவது காரணம் கேமில் இருக்கிறது. கேம் என்பது சுழன்று வால்வுகளைத் திறக்கும் மேடு; அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல் ராக்கர். இந்தப் பழைய இன்ஜின்களில் ராக்கர் கேமின் மேல் உருளாமல் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. பல ஹோண்டா ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் கேம் தண்டுக்குத் தனி பேரிங்கும் கிடையாது, சிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்திலேயே அது நேரடியாகச் சுழல்கிறது. இப்படித் தேயும் இடங்களில் உலோகத்தின் மேல் காப்புப் படலம் உருவாக்குவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம். கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், 2004-இல் வந்த எஸ்எம் தரத்திலிருந்து மெல்லிய வகைக் கார் ஆயில்களில் பாஸ்பரஸின் உச்ச அளவு 0.08 சதவீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஜாசோவின் பைக் ஆயில் தரமோ 0.08 முதல் 0.12 சதவீதம் வரை பாஸ்பரஸ் இருக்க வேண்டும் என்கிறது. கார் ஆயிலில் உச்சவரம்பாக இருப்பதே பைக் ஆயிலில் கீழ்வரம்பு. வினையூக்கியே இல்லாத ஏடிசிக்கு எது பொருந்தும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஜாசோ முத்திரையைப் படிப்பது

ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ, பைக் ஆயில்களுக்கென்று டி903 என்ற தரத்தை 1998-இல் கொண்டுவந்தது. உண்மையான கிளட்ச் பிளேட்டுகளை ஆயிலில் நனைத்து, உராய்வு எவ்வளவு நிற்கிறது என்று சோதனை இயந்திரத்தில் அளந்த பிறகே இதில் தரம் பிரிக்கப்படுகிறது. உராய்வு அதிகமாக இருப்பது எம்ஏ, குறைவாக இருப்பது எம்பி. பின்னர் 2006-இல் எம்ஏ-வுக்குள்ளேயே எம்ஏ1, எம்ஏ2 என்று இரு பிரிவுகள் வந்தன. கிளட்சை இறுக்கமாகப் பிடிப்பது எம்ஏ2. ஏடிசிக்கு எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்ற மூன்றில் எதுவானாலும் சரி. கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கென்று வந்த எம்பி மட்டும் கூடாது. பாட்டிலில் பைக் படம் போட்டிருந்தாலும் கூடாது.

ஜாசோ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே அமைப்பு டீசல் இன்ஜின் ஆயில்களுக்கு டிஎச்-1, டிஎச்-2 என்றும், டூ-ஸ்ட்ரோக் ஆயில்களுக்கு எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்றும் வேறு தரங்களை வைத்திருக்கிறது. அவற்றுக்கும் நனைந்த கிளட்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜாசோ என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்துகளையும் படித்துவிட்டே பாட்டிலை எடுக்க வேண்டும்.

பழைய இன்ஜினுக்குச் சோப்புத்தன்மை இல்லாத ‘நான்-டிடர்ஜென்ட்’ ஆயில்தான் நல்லது என்றொரு பேச்சு மெக்கானிக்குகளிடையே இன்னும் சுற்றிவருகிறது. ஏர் கம்ப்ரஸருக்கென்று விற்கப்படும் சாதாரண எஸ்ஏஇ 30 ஆயிலைச் சிலர் இந்த நம்பிக்கையில் ஏடிசிக்கு ஊற்றுகிறார்கள். அந்த வகை ஆயில்கள் ஏபிஐ எஸ்ஏ (SA), எஸ்பி (SB) என்ற தரங்களுக்குள் வருபவை. எஸ்ஏ 1930-க்குப் பின் வந்த இன்ஜின்களுக்கும், எஸ்பி 1951-க்குப் பின் வந்த இன்ஜின்களுக்கும் பொருந்தாது என்று ஏபிஐயே சொல்கிறது. ஏடிசி பழையதுதான், ஆனால் அவ்வளவு பழையதல்ல. அதன் கையேடு கேட்ட எஸ்இ ஆயிலே அழுக்கைக் கரைத்துத் தாங்கும் திறன் உள்ளதுதான்.

டீசல் ஆயில்

நான்கு வகைகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது கனரக டீசல் ஆயில். அதன் தகுதிகள் ஏடிசியின் தேவைகளோடு ஆச்சரியமாகப் பொருந்துகின்றன. புகைக்கரியைத் தன்னுள் கரைத்து மிதக்கவிடும் சேர்மங்கள் அதில் கூடுதலாக உள்ளன; டீசல் ஆயிலுக்கான ஏபிஐயின் சிஜே-4, சிகே-4 தரங்களில் பாஸ்பரஸ் 0.12 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது. சிக்கனத்துக்கான உராய்வுக் குறைப்பான்கள் 15டபிள்யூ-40 வகையில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. பெரிய டப்பாக்களில் வருவதால் லிட்டர் கணக்கில் மலிவாகவும் முடிகிறது. சில டீசல் ஆயில்கள் ஜாசோ எம்ஏ தேர்விலும் தேறிய முத்திரையோடு வருகின்றன. அப்படிப்பட்ட ஒன்று கிடைத்தால், வெப்பமான பகுதியில் ஓடும் ஏடிசிக்கு அதை ஊற்ற நான் தயங்க மாட்டேன்.

தயங்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, 2016-இல் வந்த எஃப்ஏ-4 என்ற மெல்லிய டீசல் ஆயில்; புதிய லாரிகளின் சிக்கனத்துக்காக வந்த அது இந்த இன்ஜினுக்குரியதல்ல. மற்றொன்று, பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து உள்ளே கசடு படிந்துபோன வண்டி. சுத்தம் செய்யும் திறன் மிகுந்த ஆயிலை அதில் ஊற்றினால் கசடு மெல்லக் கரையாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஆயில் பம்புக்கு முன்னால் உள்ள கம்பி வலையை அடைக்க வாய்ப்பு உண்டு. இதற்காக டீசல் ஆயிலை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முதலில் அந்த வலையைக் கழுவிவிட்டு ஊற்றினால் போதும். வலையைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

டீசல் ஆயிலையும் மினரல் பைக் ஆயிலையும் எதிரெதிரே வைத்தால் வித்தியாசம் கியர் பெட்டியில்தான் வெளிப்படும். 10டபிள்யூ-40 போன்ற பல்தர ஆயில்கள் சூட்டிலும் தம் பாகுத்தன்மையை இழக்காமல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் கலந்துள்ள நீண்ட பாலிமர் மூலக்கூறுகள். கியர் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் இந்த மூலக்கூறுகள் அறுந்துபோகின்றன. 40 என்று ஊற்றிய ஆயில் சில காலத்தில் 30 போல மெலிந்துவிடுகிறது. பைக் ஆயில் தரத்தில் இந்த அறுபடலைத் தாங்கும் திறனும் சோதிக்கப்படுகிறது. டீசல் ஆயில்களும் இதில் மோசமில்லை என்றாலும், கியர் பெட்டியை மனத்தில் வைத்தே தயாரிக்கப்பட்டது என்ற நிம்மதி பைக் ஆயிலில்தான் கிடைக்கிறது. விலையில் பெரிய வேறுபாடு இல்லாத இடத்தில் பைக் ஆயிலையும், நான்கைந்து வண்டிகளை வைத்துப் பராமரிப்பவருக்கு எம்ஏ முத்திரையுள்ள டீசல் ஆயிலையும் நான் பரிந்துரைப்பேன்.

சிந்தெடிக் தேவையா?

சிந்தெடிக் ஆயில் மினரலைவிட நல்ல ஆயில் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடுங்குளிரில் சீக்கிரம் ஓடி மேலே ஏறுகிறது; காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினில், மணலில் முதல் கியரிலேயே திணறித் திணறி ஏறும்போது ஆயில் சூடு எல்லை மீறினாலும் எளிதில் கருகுவதில்லை. சிந்தெடிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்ற நம்பிக்கையில் உண்மையில்லை. எம்ஏ2 முத்திரையுள்ள முழு சிந்தெடிக் ஆயில்கள் ஏராளம். பழைய இன்ஜினில் சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் ஒழுகும் என்பதும் பாதி உண்மைதான். காய்ந்து சுருங்கிய ஆயில் சீலை இத்தனை நாள் கசடு அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல ஆயில் கசட்டைக் கழுவியதும் சீலின் உண்மை நிலை வெளியே தெரிகிறது. முன்பல் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீலும் கியர் லீவர் தண்டின் சீலும்தான் பெரும்பாலும் இப்படி அகப்படுகின்றன; அவற்றை மாற்றுவது சின்ன வேலை.

பிறகு ஏன் அது என் முதல் தேர்வாக இல்லை? சிந்தெடிக்கின் பெரிய பலம் நெடுங்காலம் கெடாமல் இருப்பது. பழைய ஏடிசியிலோ ஆயில் தானாகக் கெடுவதற்கு முன்பே வெளியிலிருந்து கெடுக்கப்படுகிறது. கார்புரேட்டரின் ஊசி வால்வு தேய்ந்திருந்தால், வண்டி சும்மா நிற்கும்போதுகூடப் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்குகிறது. ஓடையைக் கடக்கும்போது இன்ஜினின் உட்காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் நுழைகிறது. ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சு ஓரத்தில் கிழிந்திருந்தால் நுண்மணல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. இவற்றோடு, ஏடிசி90, 110, 200 போன்ற பல மாடல்களில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. இப்படிப்பட்ட இன்ஜினில் எந்த ஆயிலையும் 20 முதல் 30 மணி நேர ஓட்டத்துக்கு மேல் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீரில் முழுகி எழுந்த வண்டியானால் அன்றே மாற்ற வேண்டும். எப்படியும் இத்தனை சீக்கிரம் வடித்துவிடப் போகும் ஆயிலில் நீண்ட ஆயுளுக்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. விலை கூடிய ஆயிலை ஊற்றியவர்கள், கொடுத்த பணத்தை நினைத்து அதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடுவதும் நடப்பதுதான். அங்கே நல்ல ஆயிலே இன்ஜினுக்குத் தீங்காக முடிகிறது.

இதற்கு விலக்கு உண்டு. பிஸ்டன், ஹெட் எல்லாம் புதிதாக வேலை செய்து, கார்புரேட்டரும் சரியாகி, ஏடிசி350எக்ஸ் போலக் காகித ஃபில்டரும் உள்ள வண்டியைக் கடும் வெயிலிலோ பனியிலோ விரட்டி ஓட்டுபவர் எம்ஏ2 சிந்தெடிக் ஊற்றுவது முறையான செலவே. ஆனால் புதிதாகச் சிலிண்டர் துளைத்துப் புது வளையம் போட்ட இன்ஜினின் தொடக்க ஓட்டத்துக்கு மினரலே ஏற்றது. வளையம் சிலிண்டரோடு இழைந்து அமர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

10, 15, 20 என்ற எண்கள்

தேய்ந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் குறையும், புகையும் குறையும் என்பது பரவலான வழக்கம். நூறு டிகிரி செல்சியஸில் 40 வகை ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 வரையும், 50 வகையின் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 வரையும் சென்டிஸ்டோக் அளவில் இருக்க வேண்டும் என்பது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் வரையறை. சூட்டில் இந்த வேறுபாடு உண்மையில் உதவுகிறது. இடைவெளி கூடிப்போன இடங்களில் ஆயில் அழுத்தம் சற்று நிற்கும். குளிரில்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் வண்டியில், குளிர்ந்த காலையில் 20டபிள்யூ ஆயிலோடு கயிற்றை இழுப்பவரின் தோளுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். மையவிலக்குக் கிளட்ச் உள்ள வண்டியானால், கெட்டி ஆயிலில் கிளட்ச் முழுமையாக விடுபடாமல், கியர் போட்டதும் வண்டி தானே ஊர்ந்து நகரப் பார்க்கும்.

கையேட்டில் 10டபிள்யூ-40 என்று இருப்பதற்குக் காரணம் பரந்த வெப்பநிலை எல்லைக்கு அது ஒன்றே போதும் என்பதுதான். உறைபனியே காணாத பகுதியில் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 தவறல்ல. ஆனால் புகைக்கும் இன்ஜினுக்கு 50 ஊற்றி ஓட்டுவது, வளையம் மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. அந்தத் தெளிவோடு ஊற்றுவதில் தவறில்லை.

கழுவுவதா, திறப்பதா?

புதிதாகக் கைக்கு வந்த பழைய வண்டியில் எந்த ஆயிலை ஊற்றுவது என்பதைவிட, அதற்கு முன் உள்ளே என்ன செய்வது என்பதே பெரிய முடிவு. இதில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மண்ணெண்ணெயையோ டீசலையோ ஊற்றிச் சற்று நேரம் இன்ஜினை ஓட்டி வடிப்பது ஒரு வழி. இதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். பேரிங் இல்லாமல் அலுமினியத்தில் சுழலும் கேம் தண்டுக்கு அந்த நேரத்தில் ஆயில் படலமே இருக்காது. ஹெட்டில் விழும் கோடுகள் திரும்ப அழியாதவை. கடையில் விற்கும் ஃப்ளஷ் திரவங்கள் இவ்வளவு கொடுமை செய்வதில்லை என்றாலும், பெயர்த்த கசட்டை அவை வலையில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரண்டாவது வழி, மலிவான மினரல் ஆயிலை ஊற்றி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, உடனே வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுவது. தீங்கில்லாத வழி, ஆயிலோடு மிதக்கும் அழுக்கு வந்துவிடும், படிந்தது வராது.

மூன்றாவது வழி வலப்பக்க மூடியையே கழற்றுவது. முதல் முறைக்கு இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மூடிக்குப் பின்னால், இன்ஜின் அடிப்பகுதியில் ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும் கம்பி வலை கையால் இழுத்தாலே வந்துவிடும். நாற்பது ஆண்டு வண்டியில் அந்த வலையைப் பார்க்கும்போது, பழைய பேக்கிங் துணுக்குகள், யாரோ அள்ளிப் பூசிய சிலிக்கான் பசையின் ரப்பர் நூல்கள், கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் எல்லாம் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கிராங்க் முனையில் இருக்கும் மையவிலக்கு ரோட்டரின் மூடியைக் கழற்றினால், அதன் உட்சுவரைச் சுற்றி ஒரே கனத்தில், ஈரச் சிமெண்ட் நிறத்தில் ஒரு களி படிந்திருக்கும். சுழலும் வேகத்தில் ஆயிலிலிருந்து பிரிந்து வெளிச்சுவரில் ஒதுங்கிய உலோகத் தூளும் கரியும் அது. விரலால் தொட்டால் மிருதுவாகத்தான் இருக்கும். நகத்தால் கீறினால் கெட்டியான அடுக்கு அடுக்காகப் பெயரும். காகித ஃபில்டர் இல்லாத இன்ஜினில் இந்த ரோட்டர்தான் ஃபில்டர். ஆயிலை எத்தனை முறை வடித்தாலும் இந்தக் களி வெளியே வராது. நிரம்பிவிட்ட ரோட்டர் புதிய அழுக்கைப் பிடிப்பதும் இல்லை. மரக்குச்சியால் சுரண்டி, நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய பேக்கிங் வைத்து மூடினால், அதன் பின் ஊற்றும் சாதாரண ஆயில்கூடத் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

இந்த வேலைக்கு ஒரு மாலை நேரமும் ஒரு பேக்கிங்கும் செலவாகும். மூடியைத் திறப்பதற்கு முன்பே புதிய பேக்கிங்கைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. சிலிக்கான் பசையை மட்டும் நம்பி மூடினால், பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு மறுபடி அதே வலைக்குத்தான் போய்ச் சேரும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்

ஏடிசி250ஆர், யமஹா டிரை-இசட், கவாசாகி டெகாட்டே ஆகியவற்றில் இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகிறது. வடித்து மாற்றுவது கியர் பெட்டியின் ஆயிலை மட்டுமே. அங்கே எரிப்பின் கரி இல்லை, கேம் இல்லை. கியரும் கிளட்சும் மட்டும் இருக்கின்றன. ஆகவே எம்ஏ முத்திரையுள்ள பைக் ஆயிலைக் கையேடு சொல்லும் பாகுத்தன்மையில் ஊற்றினால் போதும். டூ-ஸ்ட்ரோக் கியர் பெட்டிக்கென்றே விற்கப்படும் ஆயிலும் சரியே. கார் அச்சுக்கான ஜிஎல்-5 கியர் ஆயில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியவை. கிளட்சுக்காகச் சோதிக்கப்பட்ட ஆயிலும் அல்ல அது. 75டபிள்யூ-90 என்ற பெரிய எண்ணைக் கண்டு அது மிகக் கெட்டியானது என்று எண்ணவும் வேண்டாம். கியர் ஆயிலின் எண்கள் வேறு அளவுகோலில் வருபவை, அந்த 90 இன்ஜின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் அருகில்தான் நிற்கிறது. ஏடிசி250இஎஸ் பிக் ரெட் போன்ற, செயினுக்குப் பதிலாகத் தண்டால் இயங்கும் வண்டியில் பின் அச்சின் கியர் பெட்டிக்கு மட்டும் ஹைபாய்டு கியர் ஆயில் தனியாக உண்டு.

வடிக்கும்போதும் ஊற்றும்போதும்

எந்த ஆயிலைத் தேர்ந்தாலும் கெடுதல் வருவது பெரும்பாலும் டிரெயின் போல்ட்டில்தான். இன்ஜின் கூடு அலுமினியம், போல்ட் இரும்பு; முந்தைய உரிமையாளர் எவரேனும் நீண்ட ஸ்பேனரால் முறுக்கியிருந்தால் மரை பாதி போயிருக்கும். சூடான இன்ஜினில் நிதானமாகக் கழற்றி, புதிய வாஷர் போட்டு, முதலில் கையாலேயே மரை ஏறுகிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இந்த அளவுள்ள போல்ட்டுக்கு அது 25 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். பலரும் கைப்பழக்கத்தில் கொடுக்கும் முறுக்கு இதைவிட அதிகம். மரை ஏற்கெனவே போயிருந்தால், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய போல்ட்டைவிட, துளையைப் பெரிதாக்கி எஃகு உள்மரை பொருத்துவது நிலையான தீர்வு. முந்தையது ஒரு முறை நிற்கும். ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று சொல்லும் இந்த வண்டிக்கு ஒரு முறை நிற்பது போதாது.

வடிந்த ஆயிலைத் தட்டில் வைத்துப் பார்த்தால் அடுத்த முடிவுக்கு வழி கிடைக்கும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர். வெளிச்சத்தில் மினுமினுக்கும் நுண்தூள் உலோகம். வெறும் கருமை எதையும் சொல்லவில்லை, ஆயில் கரியைத் தாங்கியிருக்கிறது என்பது மட்டுமே அதில் தெரியும். வெறுங்கையால் அளைய வேண்டாம், பழைய ஆயில் தோலுக்கு நல்லதல்ல. மண்ணில் கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்துக் கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அளவு பார்க்கும்போது வண்டி மூன்று சக்கரத்திலும் சமதளத்தில் நிற்க வேண்டும். முன் டயரில் காற்று இறங்கியிருந்தால் அளவுக் கம்பியே பொய் சொல்லும். ஹோண்டா இன்ஜின்களில் அளவுக் கம்பியைத் திருகி உள்ளே இறக்காமல், மரையின் மேல் வெறுமனே உட்காரவைத்து எடுத்துப் பார்ப்பது முறை. திருகிவிட்டுப் பார்த்தால் கம்பி கூடுதல் ஆழம் இறங்கி, குறைவான ஆயிலையும் நிறைவாகக் காட்டும். ஹெட்டில் கேம் காய்ந்துபோவதற்கு அது போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலோ, மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

ஊற்றிய நாளில் மேல் கோட்டில் நின்ற ஆயில், சில நாள் கழித்து அதைத் தாண்டி ஏறியிருந்தால் அது அதிர்ஷ்டமில்லை, பெட்ரோல். கம்பியை முகர்ந்தாலே தெரியும். அந்த நிலையில் எம்ஏ, எம்ஏ2, டீசல், சிந்தெடிக் என்ற ஒப்பீடு எதற்கும் இடமில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் ஊசி வால்வையும் அது அமரும் இடத்தையும் மாற்றிய பிறகே ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். வரிசையை மாற்றி ஆயிலை முதலில் ஊற்றினால், மறுநாள் அந்த ஆயிலையும் வடிக்க வேண்டியிருக்கும்.